ஆவன செய்யவும்

திங்கட்கிழமை.
திருவாரூர் கலெக்டர் ஆபீஸ், குறைதீர் நாள்.
எங்கள் டோக்கன் நூற்றுப் பதினேழு.
"ஜெகபர், எழுது" என்றார்
முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்.பி.
வெ. ஆபத்சகாயம்.
முப்பத்தோரு வருஷம் அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான்.
இன்றைக்குத்தான் முதல் வரியிலேயே தடுமாறினார்:
"அனுப்புநர்னு என்ன போடுறது?"

பெறுநர் பக்கத்திலேயே வாழ்ந்த மனுஷன்.

உரச்சாக்கில் கட்டி வரும் மனுக்கள்.
சுடுகாட்டுப் பாதை, முதியோர் பென்ஷன்,
மருமகனுக்கு கண்டக்டர் வேலை,
எரியாத தெருவிளக்கு, எரிந்துபோன கூரை.
எல்லாவற்றுக்கும் இடது மூலையில், பச்சை மையில், சாய்வாக:
ஆவன செய்யவும்.
ஆவன என்றால் எவையெவை என்று
அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை.
மை தீர்ந்தால் தெற்கு வீதியில் வாங்கி வருவேன்.

முதல் தேர்தலில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார்.
"கடைமடைக்குத் தண்ணி" என்று
மேடைக்கு மேடை சொன்னதை
நம்பித்தான் சொன்னார். அதற்கு நான் சாட்சி.

மந்திரியாக இரண்டே முக்கால் வருஷம்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்க
கார் ரேடியோவில் புது மந்திரிசபையைப் படித்தார்கள்.
இவர் பெயர் வரவில்லை.
பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்,
நாற்பத்திரண்டோ மூன்றோ.
கேட் திறந்தது.
முன்னால் நின்ற போலீஸ் ஜீப்
ஓரம் கட்டி எங்களுக்கு வழிவிட்டது.
அவ்வளவு மரியாதையாகவும் ஒருவரை இறக்கிவிடலாம்.

பிறகு டெல்லி, ஐந்து வருஷம், இரண்டு மப்ளர்.
ரயில் பாதையை எப்போது அகலமாக்குவீர்கள் என்று
எழுத்தில் ஒரு கேள்வி கேட்டார்.
எழுத்திலேயே பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது.
படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.
"நம்ம ஆவன செய்யவும்
நமக்கு முன்னாடியே இங்க வந்து உக்காந்திருக்கு ஜெகபர்!"

"எழுது. பொருள்:
உப்பாறுவெளி வாய்க்கால் மதகு.
தளமட்டம் ஒன்றேகால் அடி உயர்ந்துள்ளபடியால்
கீழேயுள்ள எண்ணூறு ஏக்கருக்கு
ஆவணி பிறந்தும் தண்ணீர் ஏறவில்லை."

பேனா நின்றுவிட்டது.
அந்த மதகு எனக்குத் தெரியும்.
திறப்புவிழாக் கல்லில் அவர் பெயர்தான் பெரிசு.
மட்டம் தப்பு என்று இளநிலைப் பொறியாளர் சந்தானகோபாலன்
இரண்டு பக்கம் எழுதியிருந்தார், படம் போட்டு.
தேர்தல் தேதி அறிவிக்குமுன் திறந்தாக வேண்டும்.
படத்தின் மேலேயே பச்சை மையில் ஒரே சொல்: பார்த்தேன்.
பொறியாளரை ராமநாதபுரத்துக்கு மாற்றிய உத்தரவை
டைப் அடித்தவன் நான்.
ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

"அங்க ஐயாவுக்கு நிலம் ஏதும்?"
"ஒரு குழி கிடையாது."
கொஞ்ச நேரம் டோக்கனை மடித்து மடித்துப் பிரித்தார்.
"பார்த்தேன்னு எழுதினேன்ல. பாக்கல.
போன புதன்கிழமைதான் போய்ப் பாத்தேன்."
ஆயில் இன்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருந்த ஒருத்தி
யாரென்று தெரியாமல்
"இந்தக் குழாயைச் சித்த பிடிங்க பெரியவரே" என்றாளாம்.
பிடித்தாராம், இருட்டும் வரை.

"காரணம்னு ஒரு பத்தி போடு.
என் பேரைப் போடு. கல்லுல உள்ளபடியே, இனிஷியலோட."
அவர் சொன்னது ஒரு பெயர்.
நான் எழுதியது இரண்டு.
கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

மைக்கில் நூற்றுப் பதினாறு.
கையெழுத்துக்குச் சட்டைப்பையில் கைவிட்டார்.
பச்சைப் பேனா.
உள்ளேயே விட்டுவிட்டுத் திரும்பி
நூற்றுப் பதினெட்டிடம் நீலப் பேனா கேட்டார்.
கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு நீட்டினாள் அவள்:
"மூடியைத் தொலைச்சிறாதீங்க,
அடுத்தது நான்."